ஏடிஎச்டி பிள்ளைகளின் பெற்றோருக்கான பயிற்சி வகுப்பு: எட்டு சனிக்கிழமை போய் வந்தபின்

ஏடிஎச்டி என்றால் கவனம் ஓரிடத்தில் நிற்காமல், அடங்கி உட்கார முடியாமல் இருக்கும் நிலை. என் மகனுக்கு அது இருக்கிறது. கோயம்புத்தூரில் ஒரு குழந்தைகள் மனநல மையம் நடத்தும் பெற்றோர் பயிற்சி வகுப்புக்கு நானும் என் வீட்டுக்காரரும் எட்டு வாரம் போனோம். சனிக்கிழமை காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரை. அப்பா அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்து 4,500 ரூபாய். மையத்தின் பெயரை எழுதப் போவதில்லை. எங்கள் குழுவில் இருந்ததே ஒன்பது குடும்பம்தான். பெயரைச் சொன்னால் யார் வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் இதே மாதிரி வகுப்பு வேறு ஊர்களிலும் நடக்கிறது. சேரலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பு முடிந்த பிறகும் என் மகனுக்கு ஏடிஎச்டி அப்படியேதான் இருக்கிறது. தண்ணீர் பாட்டிலை வாரம் ஒன்று தொலைக்கிறான். சாப்பிட உட்கார்ந்தால் நாலு தடவை எழுந்து போகிறான். குறைந்தது எங்களுக்குள் நடந்த சண்டைதான். அதற்காகத்தான் 4,500 ரூபாய் என்று தெரிந்து போனால் நீங்கள் ஏமாற மாட்டீர்கள்.

அவனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. எல்கேஜியிலேயே "துறுதுறுன்னு இருக்கான்" என்றார்கள். ஒன்றாம் வகுப்பில் அது "வாலு" ஆனது. இரண்டாம் வகுப்பில் டைரி முழுக்கச் சிவப்பு மை: கிளாஸ் ஒர்க் முடிக்கவில்லை, பக்கத்துப் பையனைத் தொந்தரவு செய்கிறான், பென்சில் பாக்ஸ் கொண்டுவரவில்லை. ஒரு நாள் மத்தியானம் எதற்கோ பள்ளிக்குப் போனேன். வகுப்புக்கு வெளியே வராந்தாவில் தனியாக ஒரு பெஞ்ச் போட்டு அவனை உட்கார வைத்திருந்தார்கள். அது எத்தனை நாளாக நடக்கிறது என்று அவன் என்னிடம் சொன்னதே இல்லை. வீட்டில் நான் மட்டும் என்ன செய்தேன்? கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு, எட்டுக் கணக்குக்கு இரண்டு மணி நேரம். ரப்பரைப் பிய்த்துப் பிய்த்துப் பொடி ஆக்கிவிட்டான். மரக்கரண்டியால் அடித்தேன். முழங்கையில் கன்றிப்போனது. அடுத்த வாரம் டாக்டரிடம் கூட்டிப் போனோம்.

டாக்டர் ஒரே நாளில் முடிவு சொல்லவில்லை. அதற்காக அவரை மதிக்கிறேன். வாண்டர்பில்ட் என்ற கேள்வித்தாள்: பெற்றோருக்கு 55 கேள்வி, டீச்சருக்கு 43. வீட்டிலும் பள்ளியிலுமாக இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், பன்னிரண்டு வயதுக்கு முன்னாலேயே ஆரம்பித்திருக்க வேண்டும், காதும் கண்ணும் தூக்கமும் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்றார். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ஏடிஎச்டி என்று யாராவது சொன்னால் அங்கே பணம் கட்டாதீர்கள்.

நாங்கள் கட்டினோம். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால், வேறொரு இடத்தில். தலையில் கம்பிகளை ஒட்டி, கம்ப்யூட்டர் திரையில் ஒரு விமானத்தை மனசாலேயே பறக்க விட வேண்டும். நாற்பது சிட்டிங்கில் மூளை சரியாகிவிடும் என்றார்கள். பத்து சிட்டிங் போய்விட்டு நிறுத்தினோம். அந்தப் பணத்தை விட, "இன்னும் சரியாகலையாம்மா?" என்று ஒவ்வொரு தடவையும் அவன் கேட்டானே, அதுதான் இன்னும் வலிக்கிறது.

இனி வகுப்பு.

முதல் நாள் பிள்ளைகளைக் கூட்டி வரக் கூடாது. மாடியில் ஒரு ஹால், பிளாஸ்டிக் நாற்காலி. நடத்தியவர் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்; மேடம் என்றுதான் கூப்பிட்டோம். கூட ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியை. அறிமுகம் என்று ஆளாளுக்குப் பேசச் சொன்னார்கள். மூன்றாவது அம்மா பேசும்போதே நான் அழ ஆரம்பித்துவிட்டேன். கல்யாண வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டோம் என்றார் அவர். நாங்களும் நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது.

மேடம் அன்றைக்குச் சொன்ன ஒரு கணக்கு நம்ம ஊர்க் கணக்கு. கோயம்புத்தூர் மாவட்டத்தில் நான்கு பள்ளிகளில் 770 தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்து 2013இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது, அதில் 11.32 சதவீதம் பேருக்கு ஏடிஎச்டி. உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேல். எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் நாற்பது பேர் உள்ள வகுப்பில் குறைந்தது இரண்டு பேர். அந்தப் பள்ளி வராந்தாவில் ஒரு பெஞ்ச்தான் இருந்தது. மற்றப் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று இன்னும் யோசிக்கிறேன்.

இரண்டாவது வாரம் பிள்ளைகளோடு போனோம். இந்த வாரத்தை மட்டும் விரிவாக எழுத வேண்டும்.

ஒரு சின்ன அறை. தரையில் பாய், அதன்மேல் மரக்கட்டைகள். "அஞ்சு நிமிஷம் அவன்கூட விளையாடுங்கம்மா. அவன் என்ன செய்யறானோ அதைத் தொடர்ந்து போங்க, அவ்வளவுதான்" என்றார் மேடம். மூலையில் உட்கார்ந்து ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். அவன் கட்டைகளை அடுக்கினான். நான் அன்பாகத்தான் பேசினேன். "கீழ பெருசா வை சாமி." "இது என்ன கலர்?" "மெதுவா, விழுந்துரும்." "ஏன் அங்க வைக்கிற?" "எத்தனை கட்டை இருக்கு, எண்ணு பாக்கலாம்." ஐந்து நிமிடம் முடிந்ததும் தாளைக் காட்டினார். கட்டளையும் கேள்வியுமாக முப்பத்தொன்று. அவன் செய்ததைப் பார்த்து நான் நல்லபடியாகச் சொன்னது இரண்டு. கட்டை அடுக்கி விளையாடும் ஐந்து நிமிடத்திலேயே இப்படி என்றால், காலை ஆறரைக்கு எழுப்பியதிலிருந்து வேன் வரும்வரை எத்தனை இருக்கும்?

வீட்டுப்பாடமாகத் தந்தது, தினமும் பதினைந்து நிமிடம் இதே மாதிரி விளையாட வேண்டும். திருத்தக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது, எதையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. பார்ப்பதைச் சொல்லலாம்: "சிவப்பு மேல பச்சை வச்சிருக்க." அவ்வளவுதான். முதல் நான்கு நாள் எனக்கு வாயைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. ஐந்தாம் நாள், நான் அடுப்படியில் இருக்கும்போது அவனே வந்து முந்தானையைப் பிடித்து இழுத்து, "அம்மா, நம்ம டைம்" என்றான். இரண்டு வருடமாக அவன் என்னைத் தேடி வந்ததெல்லாம் ஏதாவது உடைந்த பிறகுதான்.

மூன்றாவது வாரம் சொன்னது எனக்குக் கண் திறந்த மாதிரி. அமெரிக்காவில் ஓரிகனில் ஜெரால்டு பேட்டர்சன் என்ற உளவியலாளர் வீடு வீடாகப் போய், குடும்பங்கள் சண்டை போடுவதைப் பக்கத்திலிருந்து குறித்து ஆராய்ந்தவர். அவர் கண்டது இது: அம்மா சொல்கிறாள், பிள்ளை மாட்டேன் என்கிறான், அம்மா குரலை உயர்த்துகிறாள், பிள்ளை இன்னும் கத்துகிறான். அம்மா சலித்து விட்டுவிட்டால், கத்தினால் தப்பிக்கலாம் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறான். அம்மா உச்சத்தில் கத்தி பிள்ளை அடங்கிவிட்டால், கத்தினால்தான் நடக்கும் என்று அம்மா கற்றுக்கொள்கிறாள். இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் கத்தப் பழக்கிக்கொண்டிருக்கிறோம். எங்கள் வீட்டை ஒளிந்து நின்று பார்த்துவிட்டு எழுதிய மாதிரி இருந்தது. மற்றப் பிள்ளைகள் வீட்டிலும் இது நடக்கும். ஆனால் ஏடிஎச்டி பிள்ளை ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்ல வைப்பான் என்பதால் இங்கே சீக்கிரமே முற்றிவிடும்.

சரி, கத்தாமல் எப்படிச் சொல்வது? பக்கத்தில் போக வேண்டும். தோளைத் தொட வேண்டும். கண்ணைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு விஷயம், கேள்வியாக இல்லாமல். "சாக்ஸைப் போடு." அதன் பிறகு வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் ஐந்து வரை எண்ண வேண்டும். நான் அதுவரை அடுப்படியிலிருந்தபடியே, "குளிச்சியா, பேக்கை எடு, டைரியில சைன் வாங்கினியா, ஷூ எங்க?" என்று நாலு வேலையை ஒரே மூச்சில் கத்திக்கொண்டிருந்தேன். நாலில் ஒன்றைக் கூட அவன் மூளை பிடித்து வைத்துக்கொள்ளாது என்று இப்போது தெரிகிறது.

நான்காம் வாரம் பரிசு அட்டை. இதில்தான் வகுப்பு எங்களுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. நட்சத்திரம் ஒட்டும் சார்ட் ஒன்று கொடுத்தார்கள்; வாரம் இருபது நட்சத்திரம் சேர்ந்தால் ஞாயிறு ஒரு பரிசு. புதன்கிழமையே அவன் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை என்பது அவனுக்கு அடுத்த வருடம் மாதிரி. கேட்டதற்கு, இந்தப் பிள்ளைகளுக்குப் பலன் கையோடு கிடைக்க வேண்டும், அதை நீங்களே மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். பிறகு அத்தை சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. புளி குத்தி எடுத்த கொட்டை ஒரு டப்பா நிறைய வைத்திருந்தார். காலியான ஹார்லிக்ஸ் பாட்டிலை ஜன்னலில் வைத்தோம். சொன்னதும் செய்தால் உடனே ஒரு புளியங்கொட்டை, அவன் கையாலேயே போட வேண்டும். கண்ணாடியில் "டிங்" என்று விழும் அந்தச் சத்தத்துக்காகவே ஓடி வருகிறான். பத்துக் கொட்டைக்கு அன்றைக்கே ஏதாவது ஒன்று: அப்பாவோடு வண்டியில் ஒரு ரவுண்டு, ராத்திரி கூட ஒரு கதை. செய்யாவிட்டால் போட்டதைத் திரும்ப எடுக்க மாட்டோம். இது எங்கள் வீட்டில் நாங்களே வைத்துக்கொண்ட விதி.

இதே மாதிரி பொருந்தாதவை இன்னும் இருந்தன. "தனியாக அவன் அறையில் ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள்" என்று தாளில் இருக்கிறது. எங்கள் வீட்டில் அறையே இரண்டுதான். ஐந்து பேர் இருக்கிறோம். மூலையில் உட்கார வைத்தால் ஆத்தா போய் மடியில் தூக்கி வைத்துக்கொள்வார். கொடுத்த தாள் எல்லாம் ஆங்கிலம், உதாரணம் எல்லாம் வெளிநாட்டு வீடு. பேசுவது நல்ல தமிழில்தான், ஆனால் வீட்டுக்குப் போய்த் திருப்பிப் பார்க்கத் தாள்தானே வேண்டும்? தாத்தா பாட்டிக்கு ஒரு வகுப்பாவது வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். கூட்டுக் குடும்பத்தில் அம்மாவை மட்டும் பழக்கினால் பாதிதான் நடக்கும்.

அத்தையைப் பற்றிச் சொன்னதால் இனிப்பு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். "சீனியைக் குறை, ஆட்டம் தானா அடங்கும்" என்று அவர் சொன்னதால் ஒரு வருடம் வீட்டுக்குள் சாக்லேட்டே வரவிடவில்லை. 1994இல் ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. தங்கள் பிள்ளைக்குச் சர்க்கரை ஒத்துக்கொள்ளாது என்று நம்பிய அம்மாக்களில் பாதிப் பேரிடம், இப்போது உங்கள் பிள்ளைக்கு நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம் என்றார்கள். உண்மையில் யாருக்குமே சர்க்கரை கொடுக்கவில்லை. அப்படிச் சொல்லப்பட்ட அம்மாக்கள் தங்கள் பிள்ளை அதிகமாக ஆடுகிறான் என்று மதிப்பெண் போட்டார்கள். பிள்ளையை விட்டு நகராமல் ஒட்டி நின்று அதிகமாகக் குறையும் சொன்னார்கள். அதைக் கேட்டபோது என் நெஞ்சில் குத்தியது, போன தீபாவளிக்கு அவன் கையிலிருந்து பிடுங்கிய மைசூர்பாகை நினைத்து. செயற்கை நிறங்கள் வேறு கதை; 2007இல் இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனில் நடந்த ஆய்வில் சின்ன அளவில் பாதிப்பு தெரிந்தது, ஐரோப்பாவில் 2010 முதல் சில நிறங்களுக்கு எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். அதனால் கலர் மிட்டாய் வேண்டாம், மைசூர்பாகு சாப்பிடலாம் என்று ஆகிவிட்டது.

ஐந்தாம் வாரம் என் வீட்டுக்காரருக்கு உரிய வாரம். அதுவரை கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாதவர். ஏடிஎச்டி உயரம் மாதிரி குடும்பத்தில் வருவது என்று மேடம் விளக்கினார்; இரட்டைப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வுகளின் சராசரிப்படி, ஒருத்தருக்கும் இன்னொருத்தருக்கும் இதில் உள்ள வித்தியாசத்தில் சுமார் 74 சதவீதம் மரபணுவால் வருகிறது. 2007இல் அமெரிக்காவில் 223 ஏடிஎச்டி பிள்ளைகளின் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், மூளையின் மேலடுக்கு முழுத் தடிமனை எட்டும் வயது மற்றப் பிள்ளைகளுக்கு ஏழரை, இவர்களுக்குப் பத்தரை. வளர்கிற வரிசை அதேதான், மூன்று வருடம் பிந்துகிறது. அடக்கிக்கொள்ளவும் யோசிக்கவும் வேண்டிய முன்பகுதிதான் அதிகம் பிந்துகிறது. கை காலை அசைக்கும் பகுதி கொஞ்சம் முந்திக்கொள்கிறது. அன்றைக்கு வண்டியில் திரும்பும்போது சிங்காநல்லூர் சிக்னலில் நின்றபடி, "என்னைய வெயில்ல முட்டி போட வெப்பாங்க. அஞ்சாவது வரைக்கும்" என்றார். கல்யாணம் ஆகிப் பதினொரு வருடத்தில் அதை அவர் சொல்லிக் கேட்டதில்லை. ராத்திரி அவனுடைய பேக்கை அவரே உட்கார்ந்து அடுக்கினார். இன்றுவரை அடுக்குகிறார்.

மாத்திரை பற்றியும் ஒரு வாரம் பேசினார்கள், வற்புறுத்தாமல். நான் மெடிக்கல் ஷாப்பில் பார்மசிஸ்ட். மற்றவர்களுக்கு மாத்திரை எடுத்துத் தருகிற கைதான், என் பிள்ளைக்கு என்றதும் நடுங்கியது. ஏடிஎச்டிக்குக் கொடுக்கும் மெத்தில்பெனிடேட், ஷெட்யூல் எக்ஸ் என்ற கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து. தனி லைசென்ஸ் உள்ள கடையில்தான் கிடைக்கும், சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடையில் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். எங்கள் கடையில் அந்த லைசென்ஸ் கிடையாது. இவ்வளவு கட்டுப்பாடு இருக்கிறதே என்றுதான் பயந்தேன். மாத்திரையையும் பயிற்சியையும் ஒப்பிட்டுப் பார்த்த எம்டிஏ என்ற ஆய்வை மேடம் சொன்னார். 1999இல் வந்தது, 579 பிள்ளைகள், பதினான்கு மாதம். கவனமும் ஆட்டமும் என்று பார்த்தால், கவனமாக அளவு பார்த்துக் கொடுத்த மாத்திரை, பயிற்சி மட்டும் பெற்றதைவிட நன்றாக வேலை செய்தது. இரண்டையும் சேர்த்துப் பெற்ற பிள்ளைகளுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமாக இருந்தது. ஆனால் மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது குழுக்களுக்கு இடையே வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு பக்கமும் சொன்னார், அதனால் நம்பினேன். ஆறு வயதுக்குக் கீழே என்றால் முதலில் பெற்றோர் பயிற்சி, அதற்கு மேலே மாத்திரையும் பயிற்சியும் சேர்த்து என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல். எங்கள் டாக்டரும் அதையேதான் சொன்னார். இப்போது பள்ளி நாட்களில் காலை ஒரு மாத்திரை, சின்ன அளவு. மாதாமாதம் எடையும் உயரமும் பார்க்கிறோம். பசி குறைகிறது; அதனால் மாத்திரைக்கு முன்னாலேயே மூன்று இட்லி.

வகுப்பு முடிந்த பிறகு நானே தேடிப் படித்த ஒன்றுதான் இந்த விமர்சனத்தை எழுத வைத்தது. எட்மண்ட் சோனுகா-பார்க் என்ற ஆய்வாளர் தலைமையில், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2013இல் வந்த தொகுப்பாய்வு. பயிற்சிக்குப் போன பெற்றோரே மதிப்பெண் போட்டால் ஏடிஎச்டி குறைந்த மாதிரி தெரிகிறது. யார் பயிற்சிக்குப் போனார்கள் என்று தெரியாத ஆள் போட்டால் அந்தப் பலன் காணாமல் போகிறது. தலையில் கம்பி ஒட்டுகிற சிகிச்சைக்கும் அதே கதிதான். படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க மனசு உடைந்து இருந்தேன். ஆனால் அதே ஆய்வாளர்கள் குழு அடுத்த வருடம் இன்னொன்றையும் பார்த்தது: அடம், எதிர்த்துப் பேசுவது, பெற்றோர் பிள்ளையிடம் நடந்துகொள்ளும் விதம். இவற்றில் மாற்றம் உண்மை. வெளியாள் பார்த்தாலும் தெரிகிறது. எங்கள் வீட்டில் நடந்ததும் அச்சு அசலாக இதுதான். ஆகவே எந்த மையமாவது இந்த வகுப்பால் ஏடிஎச்டி குணமாகும் என்று போர்டு வைத்திருந்தால் உள்ளே போகாதீர்கள். எங்கள் மையம் அப்படிச் சொல்லவில்லை. நான் ஐந்துக்கு நான்கு போடுவதில் பெரிய பங்கு அந்த நேர்மைக்குத்தான்.

ஒன்றைக் குறைத்தது சனிக்கிழமைக்காக. மில்லுக்கும் தறிக்கும் போகிறவர்களுக்கு அன்றைக்கு வேலை நாள். எங்கள் குழுவில் சோமனூரிலிருந்து வந்த ஓர் அக்கா; விசைத்தறியில் வேலை, இரட்டைப் பெண்கள், இரண்டு பேருக்கும் ஏடிஎச்டி. ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு வேறு. மூன்றாவது வாரத்தோடு நின்றுவிட்டார். கட்டிய பணத்தைத் திருப்பித் தரவில்லை. ஞாயிறு மாலை ஒரு வகுப்பு வைக்கக் கூடாதா என்று கேட்டேன், பார்க்கலாம் என்றார்கள்.

செலவு செய்ய முடியாதவர்களுக்கு: 2013இல் தொடங்கிய, பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் ஆர்பிஎஸ்கே என்ற அரசுத் திட்டத்தின் பட்டியலில் ஏடிஎச்டியும் இருக்கிறது. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் பரிசோதனைக்கு வரும் குழுவிடம் கேளுங்கள், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு இலவசமாக அனுப்புவார்கள். ராத்திரியில் மனசு தாங்காவிட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், தமிழிலும் பேசுகிறார்கள். மரக்கரண்டி எடுத்த அன்றைக்கு எனக்கு அந்த எண் தெரிந்திருக்கவில்லை.

அந்த ஆங்கிலத் தாள்களை நான் தமிழில் கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சோமனூர் போகிறேன். அக்கா வாசலில் பாய் விரிப்பார், என் மகனும் அந்தப் பெண்களும் தறிக் கொட்டகைப் பக்கம் ஓடிவிடுவார்கள், நாங்கள் இரண்டு பேரும் படிப்போம். போன வாரம் இன்னொரு அம்மாவும் வந்து உட்கார்ந்தார். இந்த ஞாயிறு நாலாவது பாடம். ஒரு பை புளியங்கொட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.